ஒரு டி.டி.கே. கேசட்டும் என் அடிக்குரலும்

ஒன்பதாம் வகுப்பில் காலை வணக்கத்தின்போது தமிழ்த்தாய் வாழ்த்து பாட ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. இரண்டு வாரம்தான் பாடினேன். ஒரு நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் குரல் மத்த பிள்ளைங்களோட சேரல பாப்பா. ஆம்பளப் பையன் பாடுற மாதிரி அடியில போகுது. நீ வரிசையில நில்லு, வாயை மட்டும் அசை" என்றார். திட்டவில்லை, தோளில் கை வைத்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வருடம் முழுக்க வாயை மட்டும் அசைத்தேன்.

இது 1985. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் ஒரு ஊர். வீட்டில் வானொலி எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். சுசீலா, ஜானகி, வாணி ஜெயராம். எல்லாக் குரலும் மேலே ஏறி, அங்கேயே நின்று விளையாடும். கூடப் பாடிப் பார்ப்பேன். பல்லவி வரைக்கும் எப்படியோ போய்விடும், சரணத்தில் என் குரல் உடைந்துவிடும். பெண் குரல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், நமக்கு அது வாய்க்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவுக்கு பெங்களூர் ரோட்டில் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. மெட்ராஸ் போகிற லாரி, சேலம் போகிற லாரி, பெங்களூர் போகிற லாரி எல்லாம் எங்கள் ஊரில்தான் பிரிய வேண்டும். வைகாசி, ஆனியில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி பதினொரு மணிக்கும் கம்ப்ரசர் ஓடும். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் பாட்டுக் கேட்டு வளர்ந்தேன்.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவர். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து 1984இல் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவார். அறையில் கூட இருந்தவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். அவரை நாங்கள் கோலார் அண்ணன் என்றே கூப்பிடுவோம். தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பக்கம் பக்கமாக இருந்த காலம் அது. அவருக்கு கிடார் வரும். ஆங்கிலப் பாட்டுகளை எங்களுக்கு சினிமாப் பாட்டு வருகிற மாதிரி சர்வ சாதாரணமாகப் பாடுவார். அப்புறம் அதே வாயால் "ஒரு டம்ளர் மோர் குடுங்கம்மா" என்பார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவரிடம் இருந்த கேசட்டுகளிலிருந்துதான் அண்ணன் எனக்குப் பதிவு செய்துகொண்டு வந்தார். இரண்டு டேப் ரெக்கார்டரை வயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவார்கள். முதலில் வந்தது ஏர் சப்ளை என்ற பாட்டுக் குழுவின் கேசட். உறையின் முதுகில் அண்ணன் பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் பெயர் எழுதியிருந்தார். அப்பா கை துடைத்துக்கொண்டே அதை வாங்கிப் பார்த்து, "இது என்னடா, காத்து அடிக்கிற கம்பெனியா?" என்றார். டயருக்குக் காற்று அடித்தே பிள்ளைகளை வளர்த்த மனிதர். அவருக்கு ஏர் சப்ளை என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்?

அதற்கடுத்து வந்தது பிரெட். எங்கள் வீட்டில் பிரெட் என்பது காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்துத் தருவது. பாட்டுக் குழுவுக்கு யாராவது அந்தப் பெயரை வைப்பார்களா என்று அம்மா நம்பவே இல்லை. சிகாகோ என்று ஒரு கேசட் வந்தபோது, அது விவேகானந்தர் போன ஊர் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஏர் சப்ளையில் பாடுகிற இரண்டு பேர் பெயரிலும் ரசல் உண்டு. ஒருவர் கிரஹாம் ரசல், இங்கிலாந்துக்காரர், பாட்டெழுதுகிறவர். இன்னொருவர் ரசல் ஹிட்ச்காக், ஆஸ்திரேலியாக்காரர். 1975இல் ஆஸ்திரேலியாவில் ஒரு மேடை இசை நாடகத்தில் சேர்ந்து பாடியபோது பழகியவர்கள். 1980இல் வந்த 'லாஸ்ட் இன் லவ்', 'ஆல் அவுட் ஆஃப் லவ்' இரண்டும்தான் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று: அந்த ஹிட்ச்காக் ஆண்பிள்ளை, ஆனால் என்னால் எட்ட முடியாத உயரத்தில் பாடுகிறார். கடைசியில் அவர் இழுத்துப் பிடிக்கிற இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெண் மாதிரிப் பாடுகிறாய், வாயை மட்டும் அசை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதை அண்ணனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டில் இருந்த களியை உருட்டிக் கீரைக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு டி.டி.கே. அறுபது நிமிடக் கேசட்டை என் கையில் கொடுத்தார். "பாடுறது அண்ணன் தங்கச்சியாம். தங்கச்சி குரலைக் கேளு" என்றார். அவ்வளவுதான்.

கார்ப்பென்டர்ஸ்.

அந்தக் குரலை முதல்முறை கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களிடம் இருந்தது பிலிப்ஸ் மோனோ டேப் ரெக்கார்டர். ஒற்றை ஸ்பீக்கர், கைப்பிடி உடைந்து அப்பா ட்யூப் ரப்பரை வெட்டிச் சுற்றியிருந்தார். பட்டனை அமுக்கினால் முதலில் ஐந்தாறு விநாடி வெறும் இரைச்சல். அப்புறம் பியானோ. அப்புறம் அந்தப் பெண். மேலே ஏறவே இல்லை. அடியிலிருந்து, நெஞ்சுக் குழியிலிருந்து, காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடினாள். நான் கூடவே வாய் திறந்தேன். சத்தம் வந்தது. சரணத்திலும் வந்தது. பதினான்கு வயதில் முதல்முறையாக ஒரு பெண் பாடிய பாட்டை முழுதாக, எங்கேயும் உடையாமல் பாடினேன்.

கேரன் கார்ப்பென்டர். அண்ணன் ரிச்சர்ட், மூன்று வயது மூத்தவர், பியானோ வாசித்து இசை அமைத்தவர். 1970இல் 'க்ளோஸ் டு யூ' அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே வருடம் வந்த 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' ஒரு வங்கியின் டி.வி. விளம்பரத்துக்காக எழுதிய பாட்டு. ரிச்சர்ட் அதைக் கேட்டுவிட்டு, இதை முழுப் பாட்டாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டாராம். இன்றைக்கு அமெரிக்காவில் கல்யாணங்களில் போடுகிற பாட்டு அது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை எங்கள் வங்கிக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதற்குப் பிறந்த மெட்டு, அவள் குரல் பட்டதும் வேறொன்றாகிவிட்டது.

அவர்கள் பாட்டில் பின்னால் பெரிய கூட்டமே பாடுகிற மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பது போல மனதில் படம் வரும். அது கூட்டம் இல்லை. அண்ணனும் தங்கையும் மட்டும்தான் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து அடுக்கியது. கோலார் அண்ணன் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்வரிசையில் நிற்கிறவளும் அவளே, முன்னால் பாடுகிறவளும் அவளே.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். கேரன் முதலில் டிரம்ஸ் வாசிக்கிறவள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேதான் ஆரம்பத்தில் பாடினாள். ஆட்கள் அவள் முகம் தெரியவேண்டும் என்று கேட்கக் கேட்க, மெல்ல மெல்ல அவளை எழுப்பி முன்னால் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பம்பை அடிக்க ஆட்கள் வருவார்கள். அதில் ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கேயோ ஒரு பெண் இரண்டு கையிலும் குச்சி பிடித்துத் தாளம் போட்டுக்கொண்டே, அவசரமே இல்லாமல் அந்தக் குரலில் பாடுகிறாள் என்று நினைத்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பாட்டின் சொற்களை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். தமிழ் எழுத்தில்தான் எழுதினேன். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, எழுதுவது, பின்னால் ஓட்டி மறுபடி கேட்பது. ஆங்கிலம் எனக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற அளவுக்குத்தான். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் ஓசை ஒன்றும் தப்பாது. 'எஸ்டர்டே ஒன்ஸ் மோர்' என்ற தலைப்பை மட்டும் உடனே புரிந்துகொண்டேன். ஒன்ஸ் மோர் யாருக்குத் தெரியாது? நாடகக் கொட்டகையில் நம் தாத்தாக்கள் கத்திய சொல். பாட்டு நன்றாக இருந்தால் இன்னொரு முறை பாடு என்று கேட்பது. அப்படியானால் இவள் நேற்றைய தினத்தையே இன்னொரு முறை பாடச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். 1973இல் வந்த பாட்டு. சின்ன வயதில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து பிடித்த பாட்டுக்காகக் காத்திருந்ததைப் பற்றியது. அகராதி பார்த்து முழுதாகப் புரிந்துகொண்ட பிறகும் என் முதல் அர்த்தம்தான் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

அந்தக் கேசட்டின் பி பக்கக் கடைசியில் மூன்று நிமிடம் போலக் காலியாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அப்பா கடையில், அம்மா பக்கத்து வீட்டில். ரெக்கார்டும் ப்ளேயும் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். டேப் ரெக்கார்டரின் உடம்பிலேயே பொட்டு மாதிரி ஒரு மைக் இருக்கும். அதற்கு நேராகக் குனிந்து, நோட்டைப் பார்த்து, 'எஸ்டர்டே ஒன்ஸ் மோர்' பாடினேன். இரண்டாவது பாதியில் ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நிறுத்தாமல் பாடினேன். டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று மேலே எழும்பியபோது கடைசி வரி பாக்கி இருந்தது.

போட்டுக் கேட்டேன். கேரன் முடித்ததும் கொஞ்சம் இரைச்சல், அப்புறம் நான். என் குரலை நானே வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். அடுத்த நாளும் கேட்டேன், வியாழக்கிழமையும் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். ஞாயிறு மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே அந்தக் கேசட் ஓடுவது கேட்டது. பி பக்கம். ஓடிப்போய் நிறுத்தலாமா என்று நினைத்தேன், கால் வரவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பாட்டும் ஓடியது, ஹாரனும் ஓடியது, டக்கென்று நின்றது. நான் உள்ளே போனபோது அண்ணன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை இன்னும் நன்றாகப் பாடிப் பதியலாம் என்று உட்கார்ந்தேன். ரெக்கார்ட் பட்டன் உள்ளே போகவில்லை. எவ்வளவு அமுக்கினாலும் போகவில்லை. கேசட்டை எடுத்துப் பார்த்தேன். முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும் இல்லையா, அதில் பி பக்கத்துக்கான துண்டு உடைக்கப்பட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பின அடையாளம் இருந்தது. அது இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் புதிதாக எதையும் பதிய முடியாது.

அண்ணன்தான் உடைத்திருக்கிறார். பாடாதே என்று டீச்சர் சொன்னதையே இவரும் வாய் திறக்காமல் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் துளையின் மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எனக்கும் தெரியும். ஒட்டவில்லை. அப்புறம் நான் எதிலும் பதிந்ததில்லை. பாடாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன், சமையலறையில் பாடுவேன். யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன்.

1990இல் அண்ணனோடு பெங்களூர் போனபோது பிரிகேட் ரோட்டில் ஒரு கேசட் கடைக்குள் நுழைந்தோம். கார்ப்பென்டர்ஸ் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று நானே கேட்டேன். கடைக்காரர் தமிழில்தான் பேசினார். "அந்தம்மா செத்து ஏழு வருஷமாச்சேம்மா" என்றார்.

1983 பிப்ரவரி 4. முப்பத்திரண்டு வயது. நான் அவள் குரலை முதல்முறை கேட்டதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டாள். நான் நோட்டுப் போட்டு எழுதியதும், கூடவே பாடியதும், எல்லாம் அவள் இல்லாத பிறகு. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஓசூர் தாண்டும்வரை அழுதேன். அண்ணன் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

எதனால் செத்தாள் என்பது இன்னும் பிறகு தெரிந்தது. அனரெக்சியா. உடம்பு மெலிய வேண்டும் என்று சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் இதயம் தாங்காமல் போன நோய். அவள் இறந்த பிறகுதான் அந்த நோயைப் பற்றி உலகம் சத்தமாகப் பேசத் தொடங்கியது. முன்னால் வந்து நின்று பாடு, எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும் என்று டிரம்ஸிலிருந்து எழுப்பினார்களே, அதை நினைத்துக்கொள்வேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் என் மகள் பத்தாவது படிக்கும்போது ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று ஒரு மாதம் அடம்பிடித்தாள். அப்போது அவளை உட்காரவைத்து கேரன் கதையை முழுதாகச் சொன்னேன். ஊட்டியும் விட்டேன்.

1995இல் எனக்குக் கல்யாணம். தொண்ணூறுகளில் டென்மார்க்கிலிருந்து மைக்கேல் லேர்ன்ஸ் டு ராக் என்ற பாட்டுக் குழு வந்தது, என் வீட்டுக்காரருக்கு '25 மினிட்ஸ்' பிடிக்கும். நானும் கேட்டேன், நல்ல பாட்டுதான். ஆனால் பதினான்கு வயதில் நுழைந்தது போல அதற்குப் பிறகு எதுவும் எனக்குள் நுழையவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004இல் அப்பா தவறினார். காரியமெல்லாம் முடிந்து ஒரு ராத்திரி பழைய பிரெட் கேசட்டைப் போட்டேன். 'எவ்ரிதிங் ஐ ஓன்' வந்தது. காதலியைப் பிரிந்தவன் பாட்டு என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். அதை எழுதிய டேவிட் கேட்ஸ் செத்துப்போன தன் அப்பாவை நினைத்து எழுதியது என்பது பிறகு ஒரு பேட்டியைப் படித்தபோதுதான் தெரிந்தது. தெரியாமலேயே அன்றைக்கு ராத்திரி சரியான பாட்டைத்தான் போட்டிருக்கிறேன். தன்னைக் காத்து வளர்த்த ஒருவர் திரும்பி வந்தால் போதும், என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவேன் என்கிற பாட்டு. கை முழுக்கக் கறுப்பாக, பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசத்தோடு, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற அப்பாவை நினைக்காமல் இப்போது என்னால் அந்தப் பாட்டைக் கேட்க முடிவதில்லை.

போன மாதம் அண்ணன் வந்திருந்தார். அறுபது தாண்டிவிட்டது, ஓய்வு பெற்று ஓசூரிலேயே வீடு கட்டி இருக்கிறார். பிலிப்ஸ் பெட்டியில் பெல்ட் கூழாகிப் போயிருந்தது. பழையபேட்டையில் ஒரு மெக்கானிக் வேறு எதிலிருந்தோ ஒரு பெல்ட் எடுத்து மாட்டி, ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுத்திருந்தார். டி.டி.கே. கேசட்டைப் போட்டேன். பி பக்கம்.

கேரன் முடித்தாள். இரைச்சல். அப்புறம் பதினான்கு வயது நான். குரல் கொஞ்சம் மங்கியிருந்தது, ஹாரன் மட்டும் மங்கவே இல்லை. டக்கென்று நின்றதும் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணா அன்னைக்கு இதை உடைச்ச?"

கேசட்டை வாங்கி, உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஏன்னா? நீ மறுபடி மறுபடி பதிஞ்சு இதை அழிச்சிடுவேன்னுதான். இல்ல, அப்பா தெரியாம எதையாவது அமுக்கிடுவாரு. கோலாரான் சொன்னான், இதை உடைச்சிட்டா யாரும் அழிக்க முடியாதுன்னு. அவனுக்கும் போட்டுக் காட்டணும்னு நெனச்சேன், நீ கேசட்டைக் குடுக்கவே இல்ல."

"நான் பாடக் கூடாதுன்னு உடைச்சேன்னு நெனச்சேன்."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "லூசு" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கேசட்டை உள்ளே வைத்து, பின்னால் ஓட்டுகிற பட்டனை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புது பெல்ட் இல்லையா, வேகமாக ஓடியது. என் பாட்டுக்கு நிறுத்த நினைத்தது, கேரன் பாட்டின் ஆரம்பத்துக்கே போய்விட்டது. இருக்கட்டும் என்று அங்கிருந்தே மறுபடி கேட்டோம்.